லோ ரேஞ்சா, டிஃப் லாக்கா: எதை எப்போது போடுவது, எதற்குக் காசு கொடுப்பது

ஃபோர் வீல் வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "லோ ரேஞ்ச்தான் இருக்கே, அது போதாதா? டிஃப் லாக்குக்கு எதுக்குத் தனியா காசு?" ஏற்கெனவே வாங்கியவர்கள் கேட்பது வேறு: "சேத்துல மாட்டினா முதல்ல எதைப் போடணும்?" இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடலாம்.

டிராக்டர் ஓட்டியவருக்கு இதில் குழப்பமே வராது. டிராக்டரில் கியர் லிவரோடு ஹை, லோ மாற்ற ஒரு லிவர் இருக்கும். காலடியில், பெரும்பாலும் வலது குதிகால் பக்கம், ஒரு சின்ன மிதி இருக்கும். அதுதான் டிஃப்ரன்ஷியல் லாக், சுருக்கமாக டிஃப் லாக்: இடது வலது சக்கரங்களை ஒன்றாகப் பூட்டுவது. டிரெய்லர் நிறைய மண்ணோடு மேட்டில் ஏற வேண்டுமென்றால் லோ. தொளி உழும்போது ஒரு சக்கரம் மட்டும் சேற்றில் வெறுமனே சுற்றினால், குதிகாலால் அந்த மிதியை ஒரு அமுக்கு. எது எதற்கென்று எந்த உழவரும் யோசிப்பதில்லை. காரில் ஏறியதும்தான் நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையிலிருந்து கோணலாக இறங்கும்போது, முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. 4L (நான்கு சக்கரத்துக்கும் விசை, லோ ரேஞ்சில்) போட்டேன், முதல் கியர், ஆக்சிலேட்டர். தொங்கிய இரண்டும் நிதானமாக, அழகாகச் சுற்றின. தரையில் இருந்த இரண்டும் அசையவே இல்லை. இன்னும் மிதித்தேன், இன்னும் வேகமாகச் சுற்றின, அவ்வளவுதான். கடைசியில் பெரியப்பா மகன் டிராக்டரோடு வந்தார். சங்கிலியை மாட்டிக்கொண்டே, "ஏன்டா தம்பி, இழுக்கத் தெம்பில்லாமயா நிக்குது? காலு தரையில பாவலையேடா!" என்றார். நான் படித்த விளக்கங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரி தெளிவாக இருந்தது.

ஆக்சிலின் நடுவில் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃப்ரன்ஷியல். சாதாரண டிஃப்ரன்ஷியல், இடது வலது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஒரே அளவு திருப்பு விசையைத்தான் தரும். வளைவில் வெளிச் சக்கரம் வேகமாகவும் உள் சக்கரம் மெதுவாகவும் சுற்ற இது தேவை. ஆனால் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால், அதைச் சுற்ற விசையே தேவைப்படாது. அதற்குப் போகிற அந்தச் சொற்பம்தான் மறுபக்கத்துக்கும் போகும். மஹிந்திரா தாரின் லோ ரேஞ்ச் விகிதம் 2.48, அதாவது லோ போட்டால் விசை அத்தனை மடங்காகும். பூஜ்யத்தை 2.48-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

ஆகவே லிவரில் கை வைப்பதற்கு முன் கேட்க வேண்டியது: இழுவைக் குறையா, பிடிப்புக் குறையா? என்ஜின் முக்கி முனகி அணையப் பார்த்தால் இழுவை போதவில்லை, லோ ரேஞ்ச். என்ஜின் சுகமாகப் பாட, சக்கரம் மட்டும் சுற்றினால் பிடிப்பு போதவில்லை. லாக், அல்லது அதற்கு ஈடான வேறு ஏதாவது.

## எதை வைத்து எடை போடுவது

இந்த இரண்டோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அதைப் போட்ட பிறகு ஸ்டீயரிங் சொன்னபடி கேட்குமா? தவறாகப் பயன்படுத்தினால் எது உடையும், அதன் செலவு யார் தலையில்? கடைசியாக, ஓட்டுகிறவர் முன்கூட்டியே யோசித்துப் போட வேண்டியதா, வண்டியே பார்த்துக்கொள்ளுமா? இந்தக் கடைசிக் கேள்வியை ஷோரூமில் யாரும் கேட்பதில்லை. மாட்டுகிறவர்களில் பலர் மாட்டுவது இதனால்தான்.

## வெறும் 4H

மழையில் நனைந்த செம்மண் பாதை, தளர்ந்த சரளை, மணல் படிந்த கடலோரச் சாலை: இவற்றுக்கு 4H (நான்கு சக்கரத்துக்கும் விசை, சாதாரண ஹை ரேஞ்சில்) போதும். தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலுக்கு மாறும் பார்ட் டைம் வண்டிகளில் 4H போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இறுக இணைந்துவிடும், நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. அதனால் காய்ந்த தார்ச்சாலையில் 4H போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் போக வேண்டும். முடியாமல் ஷாஃப்ட்டில் முறுக்கு ஏறும். பிறகு லிவர் 2H-க்கு (இரண்டு சக்கர ஓட்டத்துக்கு) வராமல் அடம்பிடிக்கும். அப்போது லிவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு இறங்கி, தானாக விடும்.

## லோ ரேஞ்ச்

இதன் பெருமையைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பலம் கூடுவது உண்மை. தார் டீசல் என்ஜினின் 300 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை, டிரான்ஸ்ஃபர் கேஸ் (ஹை, லோ மாற்றி இரண்டு ஆக்சிலுக்கும் விசையை அனுப்பும் பெட்டி) தாண்டும்போது கியர் விகிதத்தைச் சேர்க்காமலே 744 ஆகிறது. ஆனால் நான் லோ போடும் பத்து முறையில் எட்டு முறை பலத்துக்காகப் போடுவதில்லை, மெதுவாகப் போவதற்காகப் போடுகிறேன். ஹையில் மணிக்கு 10 கி.மீ. போகிற அதே என்ஜின் சுற்றில் லோவில் 4 கி.மீ. போகலாம். கிளட்ச்சை அரைகுறையாக மிதித்துத் தேய்க்க வேண்டியதில்லை. பாறை மேல் சக்கரத்தை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கலாம்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைக் கவனித்துப் பாருங்கள். இடம் தேனி மாவட்டம், ஏறும் வழி கேரளா. உருட்டுப் பாறை நிறைந்த அந்தப் பாதையில் விடியற்காலை வரிசையாக ஏறுபவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா ஜீப்புகள். ஃபோர் வீல், லோ, அப்புறம் ஓட்டுநரின் கண். எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏற வேண்டும் என்று அவர்களுக்கு மனப்பாடம். சக்கரம் தரையை விடாதபடி பாதையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு லாக்கின் தேவை பாதி குறைந்துவிடும்.

இறக்கத்தில்தான் லோ ரேஞ்ச் உண்மையில் உயிர் காக்கிறது. 4L, முதல் கியர், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும். பயந்து கிளட்ச்சை மிதித்தால் அந்தப் பிடி போய், வண்டி உருள ஆரம்பிக்கும். சறுக்கலான மண்ணில் சக்கரம் சுற்றாமல் இழுபட்டுச் சறுக்குவதாகத் தெரிந்தால், பிரேக்கை விட்டு லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். முதல் முறை மனம் ஒப்பாது, ஆனால் சக்கரம் மறுபடி உருண்டால்தான் ஸ்டீயரிங் கேட்கும்.

லோ உதவாத இடம் ஆழ்ந்த மணல். தேரிக்காட்டுச் செம்மணல் மாதிரி இடத்தில் 4L முதல் கியர் போட்டால், கூடுதல் பலம் சக்கரத்தைச் சுற்றவைத்துக் குழிதான் தோண்டும். நின்றுவிடாமல் சீரான ஓட்டத்தில் போக வேண்டும்: 4H இரண்டாவது கியர், அல்லது என்ஜின் திணறினால் 4L-இல் இரண்டாவது, மூன்றாவது. (தேரிகளில் பல பகுதி காப்புக்காடு, அனுமதி இல்லாமல் வண்டியை இறக்காதீர்கள். கடற்கரைக்கும் இதே பேச்சுதான்.)

மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. 2H-இலிருந்து 4H-க்கு ஓடும்போதே மாற்றலாம் என்று பல வண்டிகளில் இருக்கும். 4L-க்கு வண்டியை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். அதனால் சேற்றின் நடுவில் நின்று யோசிப்பதைவிட, இறங்குவதற்கு முன் கரையிலேயே போட்டுவிடுங்கள்.

## பிரேக் வழியாகச் செய்யும் லாக்

மாருதி ஜிம்னியில் இருப்பது இந்த வகை. ஒரு சக்கரம் வெறுமனே சுற்றினால், வண்டி அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். பிரேக்கை எதிர்த்துச் சுற்ற விசை தேவைப்படுவதால், அதே அளவு மறுபக்கத்துக்கும் போய்ச் சேரும். தனி எந்திரம் எதுவும் கிடையாது, ஏபிஎஸ்ஸுக்காக ஏற்கெனவே இருக்கும் சாமான்களையே கம்ப்யூட்டர் ஆட்டுகிறது. ஸ்டீயரிங் இறுகாது, ஆக்சில் உடையும் பயமும் குறைவு.

ஆனால் சக்கரம் முதலில் சுற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் இது விழிக்கும். புதியவர்கள் சக்கரம் சுற்றியதும் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். அதோடு இதுவும் தூங்கிவிடும். கரகரவென்று சத்தம் வரும், வரட்டும். ஆக்சிலேட்டரை அப்படியே நிலையாகப் பிடித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்தால் வண்டி நகரும். கிட்டத்தட்ட 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னிக்கு இது பெரும்பாலான இடங்களில் போதுமானதாக இருக்கிறது; எடை குறைவு என்பதே ஒரு வகை டிஃப் லாக் என்பேன். கனமான வண்டியில், நீண்ட சேற்றிலோ மணலிலோ, பிரேக் சூடாகும். எல்லை மீறினால் கம்ப்யூட்டரே கொஞ்ச நேரம் இதை நிறுத்தி வைக்கும், அதுவும் தேவைப்படுகிற நேரம் பார்த்து. பிரேக் லைனிங் தேய்மானம் உங்கள் கணக்கு.

எதுவும் இல்லாத பழைய வண்டியில் இதையே கையால் செய்வார்கள்: பின் சக்கரம் சுற்றும்போது ஹேண்ட் பிரேக்கை நாலைந்து பல் ஏற்றிப் பிடிப்பது. எப்போதும் பலிக்காது. பலிக்கும்போது மந்திரம் போல இருக்கும்.

## தானே விழும் மெக்கானிக்கல் லாக்

2020-இல் வந்த தாரின் சில வேரியன்ட்களில் பின் ஆக்சிலில் இருப்பது. இரண்டு பின் சக்கரங்களின் சுற்று வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100-ஐத் தாண்டினால், உள்ளே இருக்கும் கொக்கி மாட்டி 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். வேகம் மணிக்கு 30 கி.மீ.-ஐ ஒட்டிப் போனால் பூட்டாது. ஓட்டுகிறவர் எதையும் தொட வேண்டாம். தோட்டத்துக்குப் போய் வரும் வீட்டு ஆள், டிரைவர் என்று பல கைகளில் ஓடும் வண்டிக்கு இதைவிட நல்லது இல்லை.

இதிலும் சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் லாக் விழும். அந்தச் சின்ன நேரத்தில் ஈரப் பாறையில் வண்டி சற்று பின்னே நழுவலாம். சுற்றுகிற சக்கரம் திடீரெனப் பூட்டும்போது ஒரு உதறல் வரும், அது ஆக்சிலுக்கு நல்லதல்ல. ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் உதறலும் மெதுவாக இருக்கும். வாங்கும்போது வேரியன்ட்டைச் சரிபாருங்கள். ஒரே பெயருள்ள வண்டியில் ஒன்றில் மெக்கானிக்கல் லாக்கும் இன்னொன்றில் பிரேக் வழி லாக்கும் இருப்பதுண்டு. "லாக் இருக்கு சார்" என்ற பதில் போதாது, எந்த லாக் என்று கேளுங்கள்.

இன்னொரு பொறி. பழைய ரெனோ டஸ்டர் ஏடபிள்யூடி (ஆல் வீல் டிரைவ்) மாதிரி வண்டிகளில் 'லாக்' என்று ஒரு நிலை இருந்தது. அது முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் இணைப்பது மட்டும்தான். இடது வலது சக்கரங்களைப் பூட்டாது. அந்த வண்டியில் லோ ரேஞ்சும் கிடையாது.

## கையால் போடும் லாக்

தார் ராக்ஸ் ஃபோர் வீலில் பின் ஆக்சிலுக்கு மின்சார லாக், பட்டனில். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு லிவர். இதன் அருமை என்னவென்றால் சக்கரம் சுற்றுவதற்கு முன்பே போட்டுவிடலாம். இடது வலது இரண்டும் ஒரே ஷாஃப்ட் மாதிரி ஆகிவிடும். ஒன்று காற்றில் தொங்கினாலும், தரையில் நிற்கிற மற்றது முழு விசையையும் வாங்கிக்கொண்டு இழுக்கும். என் கண்மாய்க் கரை விவகாரத்தில் பின் லாக் மட்டும் இருந்திருந்தால் டிராக்டரும் வேண்டாம், அண்ணனின் கேலியும் வேண்டாம்.

விலை இங்கேதான் தொடங்குகிறது. பின் லாக் போட்டால் வண்டி நேராகப் போகவே விரும்பும். ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் முன் பக்கம் வெளியே தள்ளும். முன் லாக்கும் போட்டால் ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிடும். கூர்க்கா ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் 4L, பிறகு பின் லாக், அதிலும் நகராவிட்டால் மட்டும் முன் லாக். திருப்பம் வருவதற்கு முன் முன் லாக்கை எடுத்துவிடுங்கள். 4L, முன் லாக், முழுதாக ஒடித்த ஸ்டீயரிங், வேகமான ஆக்சிலேட்டர் நான்கும் ஒன்று சேர்ந்தால் முன் ஆக்சில் ஷாஃப்ட்டோ அதன் ஜாயின்ட்டோ முறியும். லோவில் பெருகிய விசை முழுவதும் ஒரே சக்கரத்தின் மேல் விழுகிற நேரம் அது.

நிறையப் பேர் அறியாத ஆபத்து பக்கச் சரிவு. ஈரப் புல் படர்ந்த சரிவில் குறுக்கே போகிறீர்கள் என்று வையுங்கள். சாதாரண டிஃப்ரன்ஷியலில் ஒரு சக்கரம் சறுக்கினால், மற்றது உருண்டபடியே வண்டியின் பின் பக்கத்தைப் பிடித்து நிறுத்தும். லாக் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும், இரண்டும் சேர்ந்து பிடியை விடும், பின் பக்கம் அப்படியே பள்ளத்தை நோக்கி வழியும். அங்கே லாக்கைத் தொடக்கூடாது.

போட்டதும் டேஷ்போர்டு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் பல் இன்னும் சேரவில்லை என்று பொருள். ஸ்டீயரிங்கை லேசாக இடதும் வலதுமாக ஆட்டி ஒரு முழம் நகர்த்தினால் விழும். எடுக்கும்போதும் அப்படியே. பல வண்டிகளில் லாக் விழுந்திருக்கும்போது ஏபிஎஸ் வேலை செய்யாது. தார்ச்சாலை ஏறுவதற்கு முன் விளக்கு அணைந்ததா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

## இடம் வாரியாக

| இடம் | குறை | முதலில் | லாக் |
|---|---|---|---|
| உருட்டுப் பாறை ஏற்றம் | வேகக் கட்டுப்பாடு | 4L முதல் கியர் | சக்கரம் தூக்கும் இடத்தில் மட்டும் பின் லாக் |
| செங்குத்து இறக்கம் | என்ஜின் பிடி | 4L முதல் கியர் | வேண்டாம் |
| ஆழ்ந்த மணல் | பிடிப்பு | டயர் காற்றைக் குறை, 4H | கடைசியில், நேராகப் போகும்போது |
| மழைக்குப் பின் கரிசல் | பிடிப்பு | 4L இரண்டாவது கியர் | இறங்கும் முன்பே பின் லாக் |
| கோணலாகக் கரை இறங்குவது | பிடிப்பு | 4L | கட்டாயம் உதவும் |
| ஈரப் புல், பக்கச் சரிவு | பக்கப் பிடி | 4H, மெதுவாக | கூடவே கூடாது |
| காய்ந்த தார்ச்சாலை, மலைப்பாதை | எதுவுமில்லை | 2H | கூடாது |

கரிசலைப் பற்றி மட்டும் ஒன்று. அந்த மண் ஈரமானால் டயர் பூவுக்குள் புகுந்து அப்பிக்கொண்டு, டயரை வழுவழுவென்று உருளையாக்கிவிடும். சாலை டயர் போட்ட வண்டியில் எந்த லாக்கும் அங்கே பெரிதாக எதையும் சாதிக்காது.

## விலைப்பட்டியலில் இல்லாதவை

நான் காசு செலவழிக்கும் வரிசையில் லாக் மூன்றாவதுதான். முதலில் டயர். இரண்டாவது ஒரு சின்ன கம்ப்ரஸரும் காற்று அளக்கும் கேஜும். மணலில் டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால், டயர் தட்டையாகி நீளமாகத் தரையில் படியும். லாக் போட்டும் நகராத வண்டி இதில் நகர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திரும்பி ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும், அதற்குத்தான் கம்ப்ரஸர்.

எண்ணெயை மறந்துவிடுகிறோம். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரன்ஷியல், பின் டிஃப்ரன்ஷியல் என மூன்று இடத்தில் தனித்தனி எண்ணெய். லாக் உள்ளதற்கு அந்தக் கம்பெனி சொன்ன எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள்; மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். வெளியே வாங்கிப் பொருத்தும் ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தில் விழும் டிஃப் லாக்) அருமையான சாமான்தான். ஆனால் டிஃப்ரன்ஷியலைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கை வேண்டும், புது வண்டியென்றால் வாரண்டியும் கேள்விக்குறி. மாதம் ஒரு முறையாவது 4H, 4L போட்டு மண் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். வருடக் கணக்கில் தொடாத லிவர் தேவைப்படும் நாளில் அசையாது.

## யாருக்கு எது

நீலகிரிப் பக்கம் எஸ்டேட் பாதையில் தினமும் போய் வருகிறவருக்கு, குறுகலான திருப்பங்கள் அதிகம், சேறு இருந்தாலும் ஆழம் குறைவு. சின்ன வண்டி, லோ ரேஞ்ச், பிரேக் வழி லாக். இதற்கு மேல் தேடாதீர்கள்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் விதை மூட்டையோடு போகிறவருக்குத் தானே விழும் மெக்கானிக்கல் லாக், நல்ல மண் டயரோடு.

நெடுஞ்சாலையிலேயே ஓடி, வருடத்துக்கு ஒருமுறை கொழுக்குமலை பார்க்க ஆசைப்படும் குடும்பம் என்றால் லாக்குக்குக் காசே போடாதீர்கள். சூரியநெல்லியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் ஏறுங்கள், சூரிய உதயத்தை ஓட்டுநரும் சேர்ந்து பார்க்கலாம்.

நண்பர்களோடு கூட்டமாகக் கரடுமுரடுப் பாதைகளுக்குப் போகிறவர், கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ளவர் என்றால் கையால் போடும் பின் லாக். முன் லாக் கூடுதல் சந்தோஷம். பின் லாக்கோடு ஒரு வருடம் ஓட்டிய பிறகு தொடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர், கையால் போடும் லாக் வேலை செய்கிறதா என்பதை விற்பவர் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, லாக்கைப் போட்டு ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லாக் விழுந்திருந்தால் மறுபக்கச் சக்கரமும் அதே திசையில் சுற்றும், அல்லது இரண்டுமே இறுகி நிற்கும். மறுபக்கம் எதிர்த் திசையில் சுற்றினால் லாக் விழவில்லை. அந்த ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.